வெள்ளி முகம் போட்ட மஞ்சள் பிள்ளையார்

மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடிக்க உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. சாமி மேல் கோபம் இல்லை. அவர் என்ன செய்வார், வைத்த இடத்தில் இருப்பார். அவரைக் கொண்டுபோய் வைக்கக் கூடாத இடத்தில் வைத்தவர் மேல் கோபம். வைத்தது போதாதென்று, பழியைத் தூக்கி ஒரு சின்னப் பெண்ணின் உடம்பு மேல் போட்டாரே, அந்தக் கோபம். இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றும் சில சமயம் நினைக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரருக்கு லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை. அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து மாமனார் காலத்திலேயே ஹைதராபாத் வந்துவிட்ட குடும்பம். அப்போது ஊரே சாப்ட்வேர் சாப்ட்வேர் என்று பறந்துகொண்டிருந்தது. எங்கள் தெருப் பையன்கள் அமீர்பேட்டையில் ஏதோ கோர்ஸ் முடித்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனி வண்டியில் ஒரு பக்கம் போனார்கள். நான் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு மல்லாபூர் பஸ்ஸில் இன்னொரு பக்கம் போனேன்.

மல்லாபூரில் நான் வேலை செய்த இடம் ஒரு கோட்டிங் பட்டறை. ஆள் இடுப்பு உயரத்துக்குக் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒரு இரும்புக் கூடு இருக்கும். சேம்பர் என்போம். பூச வேண்டிய சாமானை உள்ளே மாட்டி, கூட்டை இறக்கி, பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்ச வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால், அதில் வைத்த அலுமினியமோ வெள்ளியோ உருகி, ஆவியாகப் பறந்து, சாமான் மேல் முகம் பார்க்கிற மாதிரி படிந்துவிடும். டார்ச் லைட்டின் உள் கிண்ணம், வண்டி விளக்கு, பொம்மைக் கிரீடம், இப்படி ஏதேதோ செய்வோம். சாமானை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டுவது எங்கள் நாலு பெண்களின் வேலை. பம்ப்பைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வயசான பாய். முதலாளி சேலத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனவர். தமிழ் பேசும்போதே நடுவில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பார், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு ஜாப் வந்தால், முதல் தடவை போடும்போது மஞ்சள் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, பம்ப் பலகை மேல் வைத்துக் கற்பூரம் காட்டுவது. பிடிப்பது நான். கார்த்திகை விரதம், வெள்ளிக்கிழமை விளக்கு எதையும் விடாதவள் என்று முதலாளிக்குத் தெரியும். “நம்ம அம்மா கை ராசியான கை” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் ஒரு பெண் வந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒல்லியாக, தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அந்த டப்பாவை அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து உள்ளே பச்சைக் குழந்தை இருக்கிறதோ என்று நினைத்தேன். நாலு கண்ணாடிச் சில்லுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் நகத்தளவு.

“வெறும் கண்ணாடியா பாப்பா?” என்றேன்.

“கண்ணாடி மேல கோடிக்கணக்குல தூண் நிக்குது ஆன்ட்டி. துத்தநாகத்துல செஞ்ச செமிகண்டக்டர் தூண். கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாத தூணுக்கு வெள்ளிக் கவசமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ குடிக்கும்போது எனக்குச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு லேசர் வெளிச்சத்தை அந்தத் தூண்களுக்குள் விட்டால், அதில் இரண்டு இரண்டு துணுக்காகச் சேர்ந்து ஒன்றாகி, பச்சை வெளிச்சமாக வெளியே வருமாம்.

“ரெண்டு ஒண்ணாயி வர்றதுன்னா, அர்த்தநாரீஸ்வரர் மாதிரியா?”

“ஆமா ஆன்ட்டி, அப்படியே வச்சுக்குங்க. எங்க கைடு கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவாரு.” பிறகு முகம் மாறியது. “ஆனா அப்படிச் சேர்றது ரொம்பக் கம்மி. லட்சம் போனா ஒண்ணு ரெண்டு சேரும், அவ்வளவுதான். மேல வெள்ளி பூசினா, வெள்ளி வெளிச்சத்தைத் தன் பக்கத்துல இறுக்கிப் பிடிச்சுக்கும். நெரிசல் ஜாஸ்தியானா சேர்றதும் ஜாஸ்தி. வெளிச்சத்தை ரெண்டு மடங்கு இறுக்கினா பச்சை நாலு மடங்கு வரும். அதைக் காட்டணும். அதுதான் என் தீசிஸ்.”

“காட்டலேன்னா?”

“ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கணும்” என்று சொல்லி, டீ கிளாஸைக் கீழே வைத்தாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் அப்பா கொடுத்த கெடு அந்த வருஷத்தோடு முடிகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் சாப்ட்வேரில் சேர்ந்து வீடு கட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று வீட்டில் பேச்சாம். அந்த நாலு சில்லையும் வேறு ஊரிலுள்ள ஒரு பெரிய லேபில் ஒரு வருஷம் காத்திருந்து செய்து வாங்கி வந்திருக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக் கோட்டிங் மெஷின் பம்ப் போய்க் கிடந்தது. அதனால் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறாள். வெள்ளி அழுக்காகப் படிந்தால் கழுவி எடுக்கவும் முடியாது. அமிலத்தில் போட்டால் வெள்ளியோடு தூணும் கரைந்துபோகும். ஒரு தடவைதான்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழக வேலை ஒன்று நன்றாக வந்தால், காஞ்சன்பாக்கில் இருக்கிற ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து பெரிய ஜாப்பெல்லாம் வரும் என்று கனவு. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வரச் சொன்னார்.

அன்றைக்குக் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துப் பிள்ளையார் பிடித்து, வெற்றிலையில் வைத்து முதலாளி கையில் கொடுத்தேன். பிறகு தட்டுக் கழுவக் குழாயடிக்குப் போனேன். அந்தப் பெண் மூன்று சில்லைத் துடைத்து உள்ளே மாட்டிவிட்டு, முதலாளியிடம் பாத்ரூம் சாவி கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். வந்ததிலிருந்து அது இரண்டாவது தடவை. எங்கள் பட்டறையில் அந்தச் சாவி முதலாளி நாற்காலிக்குப் பின்னால்தான் தொங்கும். பெண்கள் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றியே தனியாகத் திட்டலாம்.

நான் திரும்பி வந்தபோது கூடு இறங்கியிருந்தது. பம்ப் பலகை மேல் பிள்ளையாரைக் காணோம். தன் அறையில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணும் வந்து நின்றாள்.

பம்ப் ஓடுகிறது, ஓடுகிறது, காற்று அளவு காட்டும் முள் பாதியில் நின்றுவிட்டது. எப்போதும் டீ குடித்து முடிப்பதற்குள் அடிக்கு வந்துவிடுகிற முள். பாய் தாடியைத் தடவினார்.

“சேட், முள்ளு எறங்கலே. தோடா ருக்கோ, கொஞ்சம் நில்லுங்க. உள்ளே...”

“பாய், உன் வேலையைப் பாரு” என்று முதலாளி வெட்டினார்.

“சார், இன்னும் கொஞ்ச நேரம் விடலாமே” என்றாள் அந்தப் பெண். “உள்ள ஈரம் இருக்கிற மாதிரி தெரியுது.”

“இது எங்க மெஷின்மா. அதோட மூடு எங்களுக்குத் தெரியும். நல்ல நேரம் முடியப் போகுது. போடு பாய், கரண்டைக் குடு.”

கொடுத்தார்கள். ஆறவிட்டுக் கூட்டைத் தூக்கினார்கள். தூக்கியதும் முதலில் உள்ளே போனது முதலாளியின் கை. தோள் துண்டோடு சேர்த்து எதையோ அள்ளி எடுத்துக்கொண்டது. எனக்கு ஒரு கணம் மஞ்சள் நிறம் தெரிந்தது. அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் சில்லுகள் மேல் இருந்தது.

வெள்ளி முகம் பார்க்கிற மாதிரி வரவில்லை. பால் திரிந்த மாதிரி, ஓரம் எல்லாம் பழுப்பேறி மங்கலாக இருந்தது. மூன்றுமே அப்படித்தான். அவள் ஒரு சில்லை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் போட்டு அழவில்லை. மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

முதலாளி துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“நான் ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைச்சுக்காதம்மா. நீ சுத்தமாத்தான் வந்தியா?”

“கையுறை போட்டிருந்தேன் சார். ஸ்பிரிட் போட்டுத்தான்...”

“அந்தச் சுத்தம் இல்லம்மா. காலையிலேர்ந்து ரெண்டு தடவை சாவி வாங்கினியே. அந்த நாளா?”

நாலு பெண்கள், லோடு இறக்க வந்த இரண்டு ஆட்கள், பாய், எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். தலையைக் குனிவாள் என்று நினைத்தேன். குனியவில்லை.

“ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“சம்பந்தம் இருக்கா இல்லையான்னு என்கிட்ட கேக்காதே. நம்ம அம்மாவைக் கேளு” என்று என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீங்க விரதம் இருக்கிறவங்க. நல்ல நாள்ல பூஜை போட்ட மெஷின். அதுகிட்ட தீட்டோட நின்னா விளங்குமா? நீங்களே சொல்லுங்க.”

ராசியான கை என்று அத்தனை நாள் என்னைச் சொன்னது இதற்குத்தானா என்று அப்போதுதான் உறைத்தது. என் விரதத்தையும் விபூதியையும் அவர் சேர்த்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், வேண்டும்போது எடுத்து ஒருத்தி மேல் வீச.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அந்த மூன்று நாள் பூஜை அறைக்குள் போகிறவள் இல்லை. அது என் அம்மா வீட்டில் பழகியது. சரியோ தப்போ, அது எனக்கும் என் முருகனுக்கும் உள்ள பேச்சு. அதில் இந்த ஆளுக்கு என்ன வேலை? இரும்புக் கூட்டுக்கு ஏது தீட்டு?

“மொதலாளி, அந்தத் துண்டைப் பிரிங்க” என்றேன்.

“என்னது?”

“துண்டைப் பிரிச்சுக் காட்டுங்க. நான் காலையில புடிச்சுக் குடுத்த புள்ளையார் எங்கே?”

“அம்மா, அது வேற விஷயம், பேசாம...”

“பேசுவேன். மாசம் முப்பது நாளும் நாங்க நாலு பொம்பளைங்க இந்த மெஷினுக்குள்ள தலைய விட்டுத் துடைக்கிறோம். எந்த நாளுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? டார்ச் லைட்டுக்கு ஆவாத தீட்டு இந்தப் பொண்ணோட கண்ணாடிக்கு மட்டும் ஆயிடுச்சா? துண்டைப் பிரிங்க.”

அவர் நகரவில்லை. நான் போய் அக்குளிலிருந்து துண்டைப் பிடுங்கினேன். எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சாமி கொடுத்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். துண்டு முழுக்க மஞ்சள் கறை. நடுவில் என் பிள்ளையார். ஈரம் எல்லாம் உறிஞ்சப்பட்டு, பாளம் பாளமாக வெடித்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளி படிந்து பளபளவென்று இருந்தார். அருகம்புல் கருகியிருந்தது.

அந்தப் பெண் பிள்ளையாரைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

“சேம்பருக்குள்ள ஈர மஞ்சளை வச்சீங்களா?” என்றாள். “அதுல இருந்த தண்ணி பூரா ஆவியாகி... சார், நான் ஒரு வருஷம் காத்திருந்தேன் சார்.”

“வெளிய வச்சா வெளியில காப்பாத்துவாரு, உள்ள வச்சா உள்ள காப்பாத்துவாருன்னு ஒரு நம்பிக்கைலதாம்மா...”

“உள்ள வச்சு மூச்சை அடைச்சுட்டு, காப்பாத்தலன்னு புள்ளையார் மேல கூடப் பழி போடல நீங்க. வயசுப் பொண்ணு மேல போட்டீங்க” என்றேன். “சாமி வாய் தொறக்க மாட்டாரு, அந்தப் பொண்ணும் வெக்கப்பட்டு வாய் தொறக்காதுன்னு நெனைச்சீங்க இல்ல?”

அவர் விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்க, ‘அந்த அம்மா நாத்திகம் பேச ஆரம்பிச்சுட்டாங்க’ என்று செய்தி பரவிவிட்டது. நான் நாத்திகமாம். அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்று டப்பாவைத் திறக்கக்கூட முடியவில்லை.

பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன் அம்மா. சேட் முறைச்சாரு. உங்க சாமியை வெளியே எடுன்னு நான் சொன்னா, இந்த ஊர்ல அது வேற எங்கேயோ போய் முடியும். நீங்க சொல்லலாம். நான் சொல்ல முடியாது.” அவர் சொன்னது நியாயம்தான். அதை நினைத்தும் எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை.

அன்று சாயங்காலம் பிள்ளையாரை டப்பா மூடியில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்து, முறைப்படி வாளித் தண்ணீரில் கரைத்தேன். மஞ்சள் கரைந்தது. வெள்ளி கரையவில்லை. தோல் மாதிரி சுருங்கி, தண்ணீர் மேல் மிதந்தது. தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, அந்தத் தோலை மட்டும் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தேன்.

என் மகன் எட்டிப் பார்த்து, “ஏண்ட்டம்மா அதி?” என்று தெலுங்கில் கேட்டான். நான் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில்தான் பதில் சொல்வான், தெலுங்கில்தான் கேள்வியும் கேட்பான்.

“எங்க மொதலாளியோட மூஞ்சி” என்றேன்.

அந்தப் பெண்ணிடம் ஒரு சில்லு மீதி இருந்தது. நாலையும் ஒன்றாகப் போடாமல் ஒன்றை டப்பாவிலேயே வைத்திருந்தாள். அடுத்த வாரம் பட்டறை வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“வேற மெஷின் எங்கயும் கிடைக்கல ஆன்ட்டி. சனத்நகர்ல ஒரு பட்டறையில கேட்டேன், அவங்க வெள்ளி போட மாட்டாங்களாம். திரும்ப இங்கயே போடலாமா? உங்களை நம்பித்தான் கேக்கறேன்.”

நான் என்ன உறுதி கொடுப்பேன்? எனக்குத் துடைக்கத் தெரியும், மாட்டத் தெரியும், கும்பிடத் தெரியும். பாயும் நாங்களும் சேர்ந்து கூட்டின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெறுமனே பம்ப் ஓடவிட்டு ஓடவிட்டு மஞ்சள் வாசனை போகும் வரை காய வைத்தோம். முதலாளி தடுக்கவில்லை. காஞ்சன்பாக் கனவு அவரை விடவில்லை.

பூச்சுப் போடுகிற நாளில் கையில் தேங்காயோடு வந்தார். நான் கதவு நடுவில் நின்றேன்.

“இன்னைக்கு சாமி வெளியில இருக்கட்டும். நீங்களும் வெளியில இருங்க.”

“என் பட்டறைம்மா இது!”

“ஹவ் சேட், உங்க பட்டறைதான்” என்றார் பாய் உள்ளேயிருந்து. “நக்கோன்னு யார் சொன்னா? வெளியிலேயும் உங்க பட்டறைதான்.”

பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேங்காயை வாசல்படியில் உடைத்தார். நான் குழாயடியில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முள் இறங்கியது. நிற்காமல் இறங்கியது. கூட்டைத் தூக்கியபோது அந்த நகத்தளவு சில்லில் அந்தப் பெண்ணின் கண் தெரிந்தது. ஒரு கண்தான் தெரிந்தது, அவ்வளவு சின்னச் சில்லு.

அவள் என்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டிய அறை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டாள். பச்சைப் பசேல் என்று அறை முழுக்க வெளிச்சம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோடு. பூச்சு இல்லாத தூண்களின் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. அந்த ஒற்றைச் சில்லின் கோடு எழுந்து நின்றது.

“கெட்டுப்போன மூணு?” என்றேன்.

அதையும் போட்டுக் காட்டினாள். பூச்சே இல்லாததைவிடக் கீழே இருந்தது. “அழுக்கு வெள்ளி வெளிச்சத்தைப் பிடிச்சு வைக்காது ஆன்ட்டி. தின்னுடும். இதையும் தீசிஸ்ல எழுதறேன். சேம்பர்ல ஈரம் இருந்ததால கெட்டுதுன்னு.”

“ஈரம் எப்பிடி வந்துதுன்னு எழுதலியா?”

“அதெல்லாம் எழுத முடியாது ஆன்ட்டி” என்று சிரித்தாள். அவளால் சிரிக்க முடிந்தது. பிறகு பட்டமும் வாங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரம் என்று ஒற்றை வார்த்தையில் போய்விட்டதே அன்றைக்கு நடந்தது அத்தனையும்!

ஈரம் எப்படி வந்தது என்று எழுதாவிட்டால் பழி அவள் மேலேயே நிற்கும் என்று நினைத்தேன், அப்படித்தான் ஆனது. சில மாதம் கழித்து, பட்டறையைப் பார்க்கப் பெரிய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முதலாளி அவர்களை மெஷின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “பல்கலைக்கழகத்துக்கே நாமதான் வெள்ளி போட்டுக் குடுத்தோம். எல்லாம் பிள்ளையார் புண்ணியம். முதல் தடவை மட்டும் அந்தப் பொண்ணு தீட்டோட வந்துட்டா, கெட்டுப்போச்சு” என்றார் தெலுங்கில். சத்தமாகவே சொன்னார். நான் பத்தடி தூரத்தில் டார்ச் கிண்ணம் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னார்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“மொதலாளி, அந்தத் துண்டைத்தான் இன்னும் தோள்ல போட்டிருக்கீங்க. மஞ்சக் கறை போகல பாருங்க. எப்பிடி வந்துதுன்னு அவங்களுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

வந்தவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. ஒருவர் துண்டைப் பார்த்தார். பாய் பம்ப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டு இருமினார். முதலாளி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார், மறுபடி மடித்தார், மஞ்சள் உள்ளே போகும் வரை மடித்துக்கொண்டே இருந்தார். நான் வந்தவர்களில் ஒருவரை அழைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.